மூட்டை அவிழ்ப்பதிலிருந்து கல்லா மூடுவது வரை: விலங்குகளுக்காக நடக்கும் பழைய பொருள் கடையில் தொண்டு செய்ய முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் எங்கள் கடை இருக்கிறது. அடிபட்ட தெருநாய்களையும் பூனைகளையும் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அறக்கட்டளை அதை நடத்துகிறது. வீடுகளில் சும்மா கிடக்கும் சேலை, சட்டை, பாத்திரம், புத்தகம், பொம்மை எல்லாவற்றையும் தானமாக வாங்கி, சுத்தம் பண்ணி, விலை போட்டு விற்கிறோம். வருகிற காசு கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் தீனிக்கும் போகிறது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 1940-களின் கடைசியிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் கடை திறந்துவிட்டது. விலங்கு நல அமைப்புகளும் அங்கே இப்படித்தான் பணம் திரட்டுகின்றன. நம் பக்கம் இது புதுசு.

சென்னை–பெங்களூரு சாலையும் ஓசூர்–சேலம் சாலையும் கூடுகிற ஊர் இது. ராத்திரியில் லாரி அடித்துப்போட்டுப் போகும் நாய்களை விடிகாலையில் பால்காரர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். கால் முறிந்த நாய்க்குக் கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்குத்தான் இந்தச் சட்டைகளும் சேலைகளும்.

நான் நாலு வருடமாக வியாழனும் சனியும் கடையில் நிற்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நாய்மேல் உள்ள பிரியத்தில் வருகிறார்கள். வந்த அன்றே துணி மூட்டைக்கு முன்னால் உட்காரவைத்தால் முகம் வாடிப்போகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நாயைத் தொடும் நேரம் மிகக் கொஞ்சம். முக்கால்வாசி நேரம் துணியோடும் மனிதர்களோடும்தான். வாங்க வருகிறவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கடை ஓடும். அங்கே தவறினால் தீனிக்கும் காசு இருக்காது.

1. சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

அறக்கட்டளை பதிவானதா, ஆண்டுக் கணக்கு தணிக்கை ஆகிறதா, கடைப் பணம் யார் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது என்ற மூன்றையும் நேராகக் கேளுங்கள். கேட்டதற்கே கோபப்படும் இடத்தில் சேர வேண்டாம்.

நாலாவது கேள்விதான் முக்கியம்: "கருத்தடை செய்த நாயை எங்கே கொண்டுபோய் விடுகிறீர்கள்?" 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தனியாக உத்தரவிட்டிருக்கிறது. "ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் விட்டுவிடுவோம்" என்று பதில் வந்தால் அந்த அமைப்புக்கு விதியும் தெரியவில்லை, நாயும் தெரியவில்லை என்று பொருள். ஒரு தெருவில் நாயை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்குக் கருத்தடை ஆகாத வேறு நாய் வந்துவிடும். பெட்டை நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2. எவ்வளவு நேரம் தர முடியும்?

வாரத்தில் அரைநாள் போதும். ஆனால் சொன்ன நாளில் வர வேண்டும். மாதத்தில் ஒருநாள் வந்து பத்து மணி நேரம் உழைப்பவரைவிட, வாராவாரம் செவ்வாய் மூன்று மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறவர்தான் எங்களுக்கு வேண்டும். கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட நேரத்துக்காகக் கேட்டு வருகிறார்கள். அந்தத் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம் கணக்கு. கடை வேலையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று உங்கள் கல்லூரித் திட்ட அலுவலரிடம் முதலிலேயே கேட்டு வாருங்கள். செய்துமுடித்த பிறகு கையெழுத்துக்கு அலைய வேண்டாம்.

தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் முகக்கவசம் இல்லாமல் மூட்டை அறைக்குள் போகக் கூடாது. காப்பகத்துக்கும் போய் நாய்களைக் கையாளப் போகிறீர்கள் என்றால், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் 21 அல்லது 28ஆம் நாள் என்று மருத்துவர் போடுவார். ஊசி போட்டிருந்தாலும் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குட்டி நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

3. மூட்டை அவிழ்த்தல்

வருகிற பொருளில் பாதி சிமெண்டுச் சாக்கிலும் மீதி ஜவுளிக்கடைப் பைகளிலும் வரும். தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, வெளிச்சம் உள்ள பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுங்கள். மொத்தமாகக் கொட்டாதீர்கள். ஊசி, பிளேடு, உடைந்த வளையல் எல்லாம் உள்ளே இருக்கும்.

முதலில் மடிப்பும் பையும் முடிச்சும் பார்க்க வேண்டும். சட்டைப்பை, பேன்ட் பை, கைப்பையின் உள்ளறை, புத்தகத்தின் நடு, முக்கியமாகச் சேலை முந்தானை. போன வருடம் ஆவணியில் ஒரு சாக்கு வந்தது. பூராவும் ஒரு பாட்டியின் நூல் சேலைகள். ஒன்றின் முந்தானை நுனியில் நெல்லிக்காய் அளவில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் நாலாக மடித்த நூறு ரூபாய்த் தாள் மூன்று, ஒரு சின்ன மூக்குத்தி, ஒரு வெற்றிலைக் காம்பு காய்ந்து கிடந்தது. கொண்டுவந்து கொடுத்தது பேரன். பதிவேட்டில் அவர் எண் இருந்ததால் கூப்பிட்டோம். வந்தவர் மூக்குத்தியை வாங்கிக்கொண்டார், பணத்தை உண்டியலில் போட்டார், அந்தச் சேலையை மட்டும் துவைக்காமல் அப்படியே திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டோம். அதனால்தான் சொல்கிறேன், சாக்கைக் கொடுப்பவரின் பெயரும் எண்ணும் எழுதாமல் எதையும் உள்ளே வாங்காதீர்கள்.

அப்புறம் பிரிக்க வேண்டும். எங்களிடம் நாலு கூடை இருக்கிறது: விற்பனைக்கு, துவைக்க, காப்பகத்துக்கு, கழிவுக்கு.

விற்பனைக் கூடைக்கு ஒரே அளவுகோல் வைத்திருக்கிறேன். இதை உங்கள் தங்கச்சிக்கு உடுத்தக் கொடுப்பீர்களா? யோசனை வந்தால் அது விற்பனைக்கு ஆகாது. அக்குள் பக்கம் தைத்த இடம் விட்டிருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா, பொத்தான் முழுசாக இருக்கிறதா, காலர் மடிப்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டுச் சேலையை மடித்தபடி பார்த்து ஏமாறாதீர்கள். பிரித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த பட்டு, மடிப்பு ஓரத்தில் இழை விட்டுப்போய் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். அதை நல்ல சேலை என்று விற்றால், வாங்கியவர் முதல் கல்யாணத்திலேயே கிழித்துக்கொண்டு நிற்பார்.

மஞ்சள் கறை பட்ட வேட்டி, பாவாடையைக் கழித்துவிடாதீர்கள். சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். எண்ணெய்க் கறையும் வாழைக்கறையும் அப்படிப் போகாது.

மூட்டைப்பூச்சி சந்தேகம் வந்தால் அந்த மூட்டையை உடனே கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். சித்திரை வெயிலில் பைக்குள் நடு வரைக்கும் நல்ல சூடு ஏறினால் பூச்சி தாங்காது. அந்துருண்டை போட்டு வைக்கிற வழக்கத்தை மட்டும் எங்கள் கடையில் அறவே நிறுத்திவிட்டோம். நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். அந்துருண்டை வாசம் அடிக்கும் துணியைக் காப்பகக் கூடைக்கு ஒருபோதும் அனுப்பக் கூடாது.

காப்பகக் கூடைக்குக் கிழிந்த பருத்தித் துண்டு, பெட்ஷீட், நைந்த லுங்கி எல்லாம் போகும். பொத்தான், கொக்கி, எலாஸ்டிக், நாடா எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகுதான். குட்டிகள் மென்று விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரைக்கும் போய்விடும். பஞ்சுத் தலையணையும் வேண்டாம், அதே காரணம். இன்னொன்று: நாய்க்குட்டி பார்வோ என்ற வயிற்றுப்போக்குத் தொற்றுநோயில் இறந்த வீட்டிலிருந்து துணி வந்தால், அதைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் இருப்பதுதான் பத்திரம். அந்த வைரஸ் துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் கலந்த தண்ணீர் அதைக் கொல்லும்.

பாத்திரம் வந்தால் குக்கரைத் தனியாக எடுத்து வையுங்கள். கேஸ்கட், சேஃப்டி வால்வு, வெயிட் மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே விற்பனை. இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிடுங்கள். மின்சாரப் பொருளைக் கடையில் ஓட்டிக் காட்டாமல் விற்பதில்லை. ஹெல்மெட், மருந்து, உள்ளாடை, ஒப்பனைப் பொருள், சுரண்டிப்போன நான்ஸ்டிக் தவா ஆகியவற்றை வாசலிலேயே மறுத்துவிடுங்கள். மறுப்பது சங்கடமாகத்தான் இருக்கும். "இது விக்காதுங்க, உங்களுக்குத் தேவைப்படலாம், எடுத்துட்டுப் போங்க" என்று பதமாகச் சொன்னால் போதும். வாங்கி வைத்துக்கொண்டால் குப்பை வண்டிக்கு நாம்தான் ஏற்றிவிட வேண்டியிருக்கும்.

பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் நிறைய வரும். சீர்வரிசையில் வந்த குடம், மொய்யில் வந்த தட்டு. கொடுத்தவரிடம் "பெயரோடு விற்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். சிலர் யோசித்துவிட்டு அந்த ஒரு சொம்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

4. விலை போடுதல்

பதினைந்து கிலோமீட்டரில் பர்கூர் இருக்கிறது. அங்கே ஜவுளிக்கடை வரிசையில் புதுச் சேலையே மலிவாகக் கிடைக்கும்போது, கட்டிய பாலியஸ்டர் சேலைக்கு 200 ரூபாய் போட்டால் யார் வாங்குவார்கள்? புதுசு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் பழசுக்கு விலை போட முடியாது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது பர்கூர்க் கடைகளையும் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையையும் சுற்றிவிட்டு வாருங்கள்.

எங்கள் கணக்கு இப்படி: அன்றாடச் சட்டை 50, 60. நூல் சேலை 100 முதல் 150. பள்ளிச் சீருடை எதுவானாலும் 30. நல்ல பட்டை மட்டும் இரண்டு பேர் பார்த்து விலை போடுகிறோம். மூன்று வாரம் தொங்கிய துணியின் விலையைப் பாதியாக்குகிறோம். அப்புறமும் போகவில்லை என்றால் கொக்கியை விட்டு இறக்கிவிடுகிறோம். ஒரே துணி மாதக்கணக்கில் தொங்கினால் வருகிறவர்களுக்குக் கடையே பழசாகத் தெரியும்.

ரொம்ப மலிவாகவும் போடாதீர்கள். தெருவில் வரும் பாத்திரக்காரம்மா பழைய துணிக்குக் கிண்ணம் கொடுக்கிறார். பழைய பட்டை ஜரிகைக்காகக் காசு கொடுத்தே வாங்கிப்போகிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு நம்மிடம் கொடுத்தவர், இது நாய்க்குப் போகும் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார். 300 ரூபாய் பெறும் பொருளைத் தெரிந்தவருக்கு 50க்கு எடுத்துக் கொடுப்பது அந்த நம்பிக்கையைத் திருடுவது. தொண்டர்களுக்கும் இதே விதி. பிடித்ததை மறைத்து வைக்கக் கூடாது. ஒருநாள் கடையில் தொங்கவிட்டு, போட்ட விலைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

5. வாங்க வருகிறவர்

எங்களிடம் வருபவர்களில் மாங்காய் மண்டிக்கும் தோப்புக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். மாங்காய்ப் பால் தோலில் பட்டால் வெந்துபோகும் என்பதால் முழுக்கைச் சட்டை தேடி வருவார்கள். வீட்டு வேலை செய்யும் அக்காக்கள், வடக்கேயிருந்து வந்து வேலை பார்க்கும் பையன்கள், பிள்ளைக்குக் கதைப்புத்தகம் தேடும் ஆசிரியர்கள் எல்லாரும் உண்டு. தெலுங்கில் "எந்த?" என்று கேட்டாலும், கன்னடத்தில் "எஷ்டு?" என்று கேட்டாலும், உருதுவில் "கித்னா?" என்று கேட்டாலும் விலைதான் கேட்கிறார்கள். மூன்று மொழியிலும் நூறு வரைக்கும் எண்ணப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் உடுத்தியதை வாங்குவதில் நம் ஊரில் ஒரு கூச்சம் இருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் ஒரு அம்மா நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க்கா, இது செத்தவங்க சட்டையா?"

"தெரியாதுங்கம்மா. துவைச்சு ரெண்டு நாள் வெயில்ல காயவெச்சதுன்னு மட்டும் சொல்லமுடியும்."

சட்டையை முகர்ந்து பார்த்தார். கையை உள்ளே விட்டுத் தையலைத் தடவினார். "சரி, போடுங்க" என்றார். அதன்பிறகு மாதம் ஒருதரம் வருகிறார், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. அன்றைக்கு "இல்லவே இல்லம்மா" என்று பொய் சொல்லியிருந்தால் அந்தச் சட்டை விற்றிருக்கும். அவர் திரும்பி வந்திருப்பாரா, தெரியவில்லை.

யாரிடமும் "பாவம், எடுத்துக்கோங்க" என்ற குரலில் பேசாதீர்கள். அவர் காசு கொடுத்து வாங்க வந்தவர். கண்ணாடி ஒன்றும் திரைபோட்ட மூலை ஒன்றும் கட்டாயம் வையுங்கள். பேரம் பேசினால் பேசுங்கள், ஐந்து பத்து குறையுங்கள். அது வாங்குகிறவரின் உரிமை. அவர் அனுமதியில்லாமல் படம் எடுத்து எங்கேயும் போடாதீர்கள். விற்பனை ஆன பிறகு, அந்தக் காசு எதற்குப் போகிறது என்று ஒரு வரி சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

6. கல்லா

ஒவ்வொரு விற்பனைக்கும் பில். காலையில் வந்ததும் ஜிபே அட்டையை உங்கள் போனில் ஸ்கேன் செய்து அறக்கட்டளை பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாலையில் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்து.

"வருமான வரிக்கு ரசீது தருவீங்களா?" என்று துணி கொடுப்பவர் கேட்பார். 80ஜி என்று சொல்லும் வரிச்சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான். பொருளுக்குக் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்தான் அதுவும். தெரியாமல் "கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

7. வாசலில் ஒரு அட்டைப்பெட்டி

நாய்க்காக நடக்கும் கடை என்று பலகை வைத்தாலே, காலையில் கதவு திறக்கும்போது வாசலில் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே கண் திறக்காத குட்டிகள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறும். ஆனாலும் கடை காப்பகம் ஆகாது. அந்தச் சின்ன இடத்தில் குட்டிகளை வைத்தால் அவையும் பிழைக்காது, கடையும் நடக்காது.

முதல் வேலை சூடு. ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பசும்பால் ஊற்றாதீர்கள், வயிற்றுப்போக்கு வரும். உடனே அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தாய் நாய் பக்கத்துத் தெருவிலேயே தேடிக்கொண்டு அலையும். அதனிடம் சேர்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. சேர்க்க முடியாவிட்டால் காப்பகத்துக்குப் போன் செய்துவிட்டுக் கொண்டுபோங்கள். பெட்டியில் வைத்தவரைத் திட்டி வாசலில் எழுதி ஒட்ட வேண்டாம். அடுத்த தடவை அவர் ஏரிக்குள் போட்டுவிடுவார் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

அடிபட்ட மாடோ நாயோ என்று யாராவது ஓடிவந்தால், 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணைக் கொடுங்கள். அரசு கால்நடை மருத்துவமனை வழியையும் சுவரில் எழுதி வையுங்கள். பாம்பு, குரங்கு, மயில் என்றால் வனத்துறையைத்தான் கூப்பிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை அவை. கையில் எடுத்து வைத்துக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை.

8. வருடம் முழுக்க

மார்கழியில் தளி, ஓசூர்ப் பக்கம் குளிர் கடிக்கும். கம்பளியும் ஸ்வெட்டரும் அப்போது வைத்த இடத்தில் இருக்காது. கோடையில் வரும் கம்பளியை எடுத்து வைத்துக் கார்த்திகையில் இறக்குங்கள். ஜூனுக்கு முன் சீருடையும் பள்ளிப் பையும். மாங்காய்ப் பருவத்துக்கு முன்னால், பங்குனியிலேயே முழுக்கைச் சட்டைகளைத் தனி வரிசையாகத் தொங்கவிடுங்கள்.

பெரிய வரவு போகிக்குத்தான். வேண்டாததைத் தெருவில் போட்டுக் கொளுத்தும் நாள். அதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே வீடு வீடாகப் போய், "எரிக்கிறதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிடுங்க" என்று துண்டுச்சீட்டு கொடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று மாதச் சரக்கு சேரும். அந்த வாரத்துக்கு மட்டும் கூடுதலாக ஆறு பேர் வேண்டும். மார்கழி முதல் வாரமே பெயர் எழுதி வாங்கிவிடுங்கள்.

காப்பகத்துக்கு மூட்டை போவது சனிக்கிழமை மாலை. உங்கள் நாள் சனி என்றால் அந்த வேலை உங்களுடையது. பெட்ஷீட்டை நாலாகக் கிழியுங்கள், லுங்கியை இரண்டாக. பொத்தான் மிச்சமிருக்கிறதா என்று கடைசியாக ஒருதரம் விரலால் தடவிப் பாருங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அடுத்த வாரத்துக்கு ஒதுக்குங்கள், நடுவில் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததை மட்டும் சாக்கில் அமுக்கிக் கட்டி, ஆறு மணி வண்டிக்கு வாசலில் வையுங்கள். முடிந்தால் அந்த வண்டியிலேயே ஏறிப் போய்ப் பாருங்கள். போன வாரம் நீங்கள் கிழித்துக் கொடுத்த நீல லுங்கியில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி ஒரு நாய் தூங்கிக்கொண்டிருக்கும்.